பழைய கார் கியர்பாக்ஸ்: எண்ணைப் படித்து, பல்லை எண்ணி அடையாளம் காண்பது எப்படி?

பழைய கார் கியர்பாக்ஸ் ஒன்று உங்கள் முன்னால் தரையில் கிடக்கிறது. எண்ணெயும் மண்ணும் அப்பிக் கருத்துப்போயிருக்கிறது. விற்பவர் ஒரு பெயரைச் சொல்கிறார். விலையும் அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் நீளமாக ஓர் எண் தெரிகிறது. அதைப் பட்டியலில் தேடிப் பார்த்தால் விற்பவர் சொன்னது சரியாகவே வருகிறது. அப்படியானால் வாங்கிவிடலாமா?

கூடாது. இன்னும் அரைமணி நேர வேலை பாக்கி இருக்கிறது. அந்த எண் சொல்வது வெளிக்கூட்டைப் பற்றி மட்டும்தான். 50, 60 வருடம் ஓடிய ஒரு கியர்பாக்ஸில் கூடு ஒரு காரிலிருந்தும், உள்ளே இருக்கும் கியர்கள் வேறொரு காரிலிருந்தும், மூடி மூன்றாவது காரிலிருந்தும் வந்திருப்பது வெகு சாதாரணம். கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையைக் கதையில் படித்திருப்போம். இங்கே அது பட்டறை மேசையில் நடக்கிறது. அதனால் கூட்டைத் தனியாகவும் உள்ளிருப்பதைத் தனியாகவும் அடையாளம் காண வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பெயரை நம்பலாம்.

உதாரணங்களுக்கு 1950களின் இறுதியிலிருந்து 1970கள் வரையிலான அமெரிக்க நான்கு கியர் பெட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். இன்றும் அதிகம் கைமாறுபவை அவைதான்; அதிகம் குழப்புபவையும் அவைதான். வழிமுறை எந்த நாட்டுக் காருக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இவை இடப்பக்கம் அமர்ந்து ஓட்டும் கார்கள். ‘ஓட்டுநர் பக்கம்’ என்று நான் சொன்னால் அது இடப்பக்கம்.

மூன்று வகை எழுத்து

கியர்பாக்ஸில் மூன்று விதமான எழுத்துகள் இருக்கும். மூன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லும். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

முதலாவது, மேடாகத் தெரியும் எழுத்து. உலோகத்தை அச்சில் வார்க்கும்போதே வந்த வார்ப்பு எண் இது. பெரிதாக இருக்கும், விரலால் தடவினாலே புரியும். எந்த அச்சில் வார்த்த கூடு என்பதை மட்டும் இது சொல்லும். ஒரே வார்ப்பு எண்ணுள்ள கூட்டுக்குள் இரண்டு மூன்று வகைக் கியர் தொகுதிகள் ஆலையிலேயே போயிருக்கும்.

இரண்டாவது, குழியாக இருக்கும் எழுத்து. கூடு தயாராகிக் கியர்கள் பூட்டப்பட்ட பிறகு பஞ்ச் வைத்து அடித்தது. எந்த ஆலை, எந்தத் தேதி, எந்த வகை, சில நேரம் எந்தக் கார் என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். மெல்லிய அடி, சிறிய எழுத்து, பார்வையில் எளிதில் படாது. ஆனால் மூன்றிலும் அதிகச் செய்தி சொல்வது இதுதான்.

மூன்றாவது, தகடு. ஒரு போல்ட்டின் தலைக்கடியில் மாட்டியிருக்கும் சின்ன உலோகத் துண்டு. இருந்தால் பெரிய உதவி. ஆனால் போல்ட்டைக் கழற்றிய யாரோ ஒருவர் அதைத் தூக்கிப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு, வேறு பெட்டியின் தகட்டை இதில் மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

துடைப்பதில் அவசரம் வேண்டாம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். நான் ஆரம்பத்தில் கையாண்ட அலுமினியப் பெட்டி ஒன்றில், துரு பிடித்த இரும்பைச் சுத்தம் செய்வதுபோல, டிரில்லில் கம்பிச் சக்கரத்தை மாட்டித் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. பஞ்ச் அடித்திருந்த எழுத்துகளில் பாதி காணாமல் போனது. அந்தப் பெட்டி எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அலுமினியம் மென்மையானது, குத்து எழுத்தின் ஆழம் மிகக் குறைவு.

முதலில் பிளாஸ்டிக் கரண்டியாலோ மரக்குச்சியாலோ தடித்த அழுக்கைச் சுரண்டி எடுங்கள். பிறகு கிரீஸ் கரைக்கும் திரவத்தைத் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். அடம்பிடித்தால் பித்தளை பிரஷ். எஃகுக் கம்பி, உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் வேண்டாம். சுத்தமான இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து மேலே லேசாகத் துணியால் துடைத்தால், குழியில் மட்டும் வெள்ளை தங்கி எழுத்து எழும்பி வரும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தின் நிழலில் தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதும் நல்ல பழக்கம். 3, 8 இரண்டும், 1, 7 இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தாளில் வேறுபடும்.

பெட்டி இன்னும் காரிலேயே இருந்தால், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு போட்டு, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். தரையில் இருக்கும் பெட்டியையும் தனியாகப் புரட்ட வேண்டாம். ஃபோர்டின் வார்ப்பிரும்புப் பெட்டி 50 கிலோவைத் தொடும்.

எண்ணைப் படிக்கும் முன் உருவத்தைப் பாருங்கள்

எண் தேய்ந்திருக்கலாம், மாற்றியும் அடித்திருக்கலாம். உருவம் அப்படி மாறாது. நான்கு கேள்விகள் கேட்டால் குடும்பம் தெரிந்துவிடும்.

பக்கவாட்டில் எத்தனை லிவர் இருக்கிறது? மூன்று கியர் பெட்டியில் இரண்டு லிவர் இருக்கும். நான்கு கியர் பெட்டியில் மூன்று: முதல்-இரண்டாம் கியருக்கு ஒன்று, மூன்று-நான்குக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று. கூட்டின் மூடி எங்கே இருக்கிறது, மேலேயா பக்கத்திலா? அந்த மூடியில் எத்தனை போல்ட்? ரிவர்ஸ் லிவர் எங்கிருந்து வெளியே வருகிறது?

இவற்றோடு ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். பெயிண்ட் அடித்த பெட்டியில் கண்ணை நம்ப முடியாது. இரும்புக்கு அலுமினிய நிறம் பூசியிருப்பார்கள்.

இப்போது சேர்த்துப் பார்ப்போம். மூடி பக்கத்தில் இருக்கிறது, 7 போல்ட், கூடு அலுமினியம், ரிவர்ஸ் லிவர் மட்டும் பின்னால் வால்பகுதியில் இருந்து வருகிறது: இது ஜெனரல் மோட்டார்ஸின் மன்சி. அதே பக்க மூடி, அதே 7 போல்ட், ஆனால் கூடு இரும்பு, மூன்று லிவரும் மூடியிலேயே இருக்கின்றன: இது சாகினா. பக்க மூடியில் 9 போல்ட், ரிவர்ஸ் லிவர் வால்பகுதியில்: இது போர்க்வார்னரின் டி-10. இதில் இரும்புக் கூடும் உண்டு, அலுமினியக் கூடும் உண்டு. ஆகவே டி-10 விஷயத்தில் காந்தத்தைவிடப் போல்ட் எண்ணிக்கைதான் பேசும். பக்க மூடியே இல்லை, மேலே தட்டையான மூடி, 10 போல்ட், இரும்புக் கூடு, லிவர்கள் கூட்டின் சுவரிலிருந்தே வருகின்றன: இது ஃபோர்டின் டாப்லோடர் நான்கு கியர். அதேபோல இருந்து மேல் மூடியில் 9 போல்ட் மட்டும் இருந்தால், அது ஃபோர்டின் மூன்று கியர் பெட்டி.

சாகினாவை மன்சி என்று சொல்லி விற்பது நிறைய நடக்கிறது. விற்பவர் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் சொல்வதாக எப்போதும் நினைக்காதீர்கள். பலருக்குத் தெரிவதே இல்லை. ரிவர்ஸ் லிவர் எங்கே என்று ஒரு பார்வை போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மன்சி என்பது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அங்கே இருந்தது. டி-10 செய்த வார்னர் கியர் ஆலையும் அதே ஊரில்தான் இருந்தது. ஆக, ‘மன்சியில் செய்தது’ என்று ஒருவர் உண்மையைச் சொன்னாலும் அது மன்சி பெட்டியாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: கியர் மாற்றும் கம்பியில் ‘ஹர்ஸ்ட்’ என்று எழுதியிருக்கும். அது ஷிஃப்டரைச் செய்த நிறுவனத்தின் பெயர். எந்தப் பெட்டியிலும் அதை மாட்டலாம். அதை வைத்துப் பெட்டிக்குப் பெயர் சூட்டாதீர்கள்.

மன்சி

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம், ஏனென்றால் பணம் அதிகம் புரள்வதும் தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான். 1963 முதல் 1974 வரை வந்தது. மூன்று வகை. எம்-20 என்பது கியர் விகிதங்களுக்கு இடையே இடைவெளி அதிகமுள்ளது. (பின் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற முன் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே விகிதம்.) அதன் முதல் கியர் 1963-65இல் 2.56, அதற்குப் பின் 2.52. எம்-21 நெருக்கமான விகிதம்; முதல் கியர் 2.20. எம்-22இன் விகிதமும் அதே 2.20தான். ஆனால் அதன் கியர் பற்களின் சாய்வு குறைவு, ஏறக்குறைய நேராக வெட்டியதுபோல இருக்கும். சாய்வு குறைந்தால் தண்டை முன்னும் பின்னும் தள்ளும் விசை குறையும், பெட்டி அதிக முறுக்கைத் தாங்கும். ஆனால் சத்தம் கூடும். அந்த இரைச்சலால்தான் அதற்கு ‘ராக் க்ரஷர்’, அதாவது கல்லுடைப்பான், என்று பெயர் வந்தது. மூன்றிலும் விலை உயர்ந்தது இதுவே.

கூட்டின் வார்ப்பு எண் வலப்பக்கச் சுவரில் மேடாக இருக்கும். 3831704 என்றால் 1963. 3851325 என்றால் 1964-65. 3885010 என்றால் 1966-67. 3925660 என்பது 1960களின் பிற்பகுதியிலிருந்து 1970 வரை, 3925661 என்பது அதை அடுத்து 1974 வரை. இந்த ஏழு இலக்கம் கூட்டின் காலத்தைச் சொல்லும். எம்-20ஆ எம்-22ஆ என்று சொல்லவே சொல்லாது. ‘660 கூடு, அதனால் எம்-22’ என்று யாராவது சொன்னால், அவர் சொல்வதில் முதல் பாதி மட்டும்தான் செய்தி.

அடுத்தது குத்து எண். ஆங்கில எழுத்து வரிசையில் 16ஆவது எழுத்தான பி-யில் தொடங்கும். அது மன்சி ஆலையின் குறி. 1967 முதல் அதை அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கு இரண்டு இலக்கம் வரும். 1969 வாக்கில் இன்னோர் எழுத்தும் கடைசியில் சேர்ந்தது: ஏ, பி, சி வரிசைப்படி முறையே எம்-20, எம்-21, எம்-22. மாத எழுத்துகள் ஜனவரி முதல் மே வரை ஏ, பி, சி, டி, இ என்று ஒழுங்காகப் போகும். அதன் பிறகு தாவும்: ஜூன் ஹெச், ஜூலை கே, ஆகஸ்ட் எம், செப்டம்பர் அந்தப் பதினாறாவது எழுத்து, அக்டோபர் ஆர், நவம்பர் எஸ், டிசம்பர் டி (இருபதாவது எழுத்து). ‘பி9இ14ஏ’ என்று படித்தால் 1969, மே 14, எம்-20. 1966 வரை வந்தவற்றில் பி-க்குப் பின் மாதமும் நாளும் மட்டும் இலக்கங்களாக இருக்கும்; ஆண்டை வார்ப்பு எண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது உள்ளே இருப்பதற்கான சாட்சி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்டைப் பாருங்கள். 1966 முதல், ஸ்ப்ளைன் (ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) பகுதியைச் சுற்றி மோதிரம்போல வெட்டுக்கோடு போட்டிருப்பார்கள். இரண்டு கோடு என்றால் எம்-20. ஒரு கோடு என்றால் எம்-21. கோடே இல்லை என்றால் எம்-22. 1966க்கு முந்தைய பெட்டிக்கு இந்த விதி செல்லாது. பிற்காலத்தில் மாற்று உதிரியாக வந்த ஷாஃப்டுகளும் எல்லாம் இதைப் பின்பற்றுவதில்லை.

என்னிடம் வந்த ஒரு பெட்டியில் கடைசி எழுத்து தெளிவாகச் சி என்று இருந்தது. ஷாஃப்டில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தும் நான் எழுத்தையே நம்பினேன், எம்-22 விலையையே கொடுத்தேன். திறந்து பார்த்தபோது உள்ளே சாதாரண எம்-21 கியர்கள். யாரோ, எப்போதோ, உடைந்த கியர்களுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். பெட்டி நன்றாகவே ஓடியது. கொடுத்த பணம்தான் கூட. இரண்டு சாட்சி முரண்பட்டால் மூன்றாவது சாட்சியைக் கூப்பிட வேண்டும் என்பதை அன்றிலிருந்து விடுவதில்லை.

கூட்டின் முன்முகத்தில் இன்னொரு நல்ல அடையாளம் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் ஒரு உருண்டைக் கம்பியின் முனை தெரியும். கீழ்க் கியர் தொகுதி இதன்மேல்தான் சுழல்கிறது. 1965 வரை இதன் விட்டம் 7/8 அங்குலம், அதாவது 22 மில்லிமீட்டர். 1966 முதல் 1 அங்குலம், 25.4 மில்லிமீட்டர். வெர்னியர் காலிபரை வைத்தால் ஒரு நொடியில் தெரியும். 1963 பெட்டியில் மட்டும் முன் பேரிங்கும் சிறியது: 6207 வகை, வெளிவிட்டம் 72 மில்லிமீட்டர். பின்னால் வந்தவை 6307, 80 மில்லிமீட்டர். அரிதான பழைய கூடு என்று நினைத்து 1963 கூட்டை வாங்குபவர்கள், பின்னால் வந்த கியர் தொகுதி அதில் அப்படியே உட்காராது என்பதைப் பூட்டும்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஸ்ப்ளைனை எண்ணுவதும் ஷாஃப்டை அளப்பதும்

ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, அங்கிருந்து சுற்றி எண்ணுங்கள். இரண்டு முறை எண்ணுங்கள். மன்சியில் 1970 வரை பொதுவாக முன்னால் 10 பல், பின்னால் 27 பல். 1971 முதல் முன்னால் 26, பின்னால் 32. எம்-22 சிலவற்றில் 26 பல் ஷாஃப்ட் இன்னும் முன்பே வந்துவிட்டது. இது ஆண்டைச் சொல்வதோடு நிற்பதில்லை. கிளட்ச் பிளேட் முன் ஸ்ப்ளைனில் உட்கார வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனை பின் ஸ்ப்ளைனில் உட்கார வேண்டும். பெட்டியை வாங்கிவிட்டு இவை இரண்டையும் தேடி அலைவதைவிட முதலிலேயே எண்ணிவிடுவது நல்லது.

கிரைஸ்லரில் இதே எண்ணிக்கை இன்னும் அழுத்தமாகப் பேசும். அவர்களுடைய ஏ-833 பெட்டி 1964இல் வந்தது. செய்தது சிரக்யூஸில் இருந்த நியூ பிராசஸ் கியர். சாதாரண எஞ்சின்களுக்கு 23 பல் இன்புட். ஹெமி, 440 போன்ற பெரிய எஞ்சின்களுக்குப் பருத்த ஷாஃப்டில் 18 பல். பல் குறைந்தால் பலம் குறைவு என்று தோன்றும். இங்கே நேர் எதிர். 18 பல் பெட்டிக்குக் கிராக்கி அதிகம். 1975 முதல் ஏ-833இல் ஓவர்டிரைவ் வகையும், அதாவது கடைசிக் கியரில் பின் ஷாஃப்ட் முன் ஷாஃப்டைவிட வேகமாகச் சுற்றும் வகையும், வந்தது. அதன் நான்காம் கியர் 0.73; வெளியிலிருந்து பார்த்தால் மூன்று-நான்கு லிவர் மற்றதற்கு எதிர்த்திசையில் திருப்பி மாட்டியிருக்கும். வேகத்துக்காகப் பெட்டி தேடுபவர் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு வருந்துவார். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இதுவே பொருத்தம்.

ஃபோர்டு டாப்லோடர்

1964 மாடல் முதல் 1973 வரை ஃபோர்டு கார்களில் வந்த பெட்டி. என் கணிப்பில் இந்தக் காலத்துப் பெட்டிகளிலேயே மிக உறுதியானவற்றில் ஒன்று. இதன் தகட்டில் ஆர்யுஜி என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, அதன் பின் எழுத்து வரும். அந்தக் கடைசிப் பகுதிதான் எந்தக் கார், எந்த எஞ்சின், எந்த விகிதம் என்பதைச் சொல்லும். தகடு இருந்தால் முதலில் படம் எடுத்துவிடுங்கள். பிறகு அந்தப் போல்ட்டை யாரையும் தொட விடாதீர்கள்.

தகடு இல்லாவிட்டால் வார்ப்பு எண்ணுக்குப் போகலாம். ஃபோர்டு எண்ணின் அமைப்பு படிக்க அழகானது. ‘சி5ஏஆர்-7006’ என்று இருந்தால்: சி என்பது 1960கள் (1950களுக்கு பி, 1970களுக்கு டி). 5 என்பது 1965. அடுத்த எழுத்து எந்தக் கார் வரிசைக்காக வடிவமைத்தார்கள் என்பது: ஏ பெரிய கார்கள், டி ஃபால்கன், ஓ ஃபேர்லேன், இசட் மஸ்டாங். நான்காவது எழுத்து வடிவமைத்த பொறியியல் பிரிவு. 7006 என்பது ஃபோர்டின் உதிரிபாக முறையில் கியர்பாக்ஸ் கூடு. ஆனால் ஒரு எச்சரிக்கை: இது வடிவமைப்பு எண். சி5 என்று இருக்கும் கூடு அடுத்தடுத்த ஆண்டுக் கார்களிலும் போயிருக்கும். ஏ என்று இருப்பதாலேயே அது பெரிய காரிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது.

எந்தக் காரிலிருந்து வந்தது என்று அறிய டேப் எடுங்கள். கூட்டின் முன்முகத்திலிருந்து வால்பகுதியின் கடைசி வரை அளந்தால் மூன்று நீளங்களில் ஒன்று வரும்: 24 அங்குலம் (61 செ.மீ.), 25.5 அங்குலம் (65 செ.மீ.), 27 அங்குலம் (69 செ.மீ.). குட்டையானது மஸ்டாங், ஃபால்கன் போன்ற சிறிய கார்களுக்கு, நடுவானது ஃபேர்லேன் வரிசைக்கு, நீளமானது கேலக்ஸி போன்ற பெரிய கார்களுக்கு. பிறகு இன்புட் ஷாஃப்டின் விட்டம். சாதாரணமாக 1 1/16 அங்குலம், அதாவது 27 மில்லிமீட்டர். 428, 429 போன்ற பெரிய எஞ்சின்களுக்கு 1 3/8 அங்குலம், 35 மில்லிமீட்டர். இரண்டிலும் பல் எண்ணிக்கை 10தான். எனவே இங்கே எண்ணிப் பயனில்லை, அளந்தே ஆக வேண்டும். பின்னால் 1964இல் 25 பல், அதற்குப் பின் 28, பெரிய எஞ்சின் பெட்டியில் 31.

சுழற்றி எண்ணுங்கள்

எந்த எண்ணும் இல்லாத பெட்டியிலும் இந்தச் சோதனை பேசும். எல்லாக் குறிகளையும்விட நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் இது உள்ளே இருக்கும் கியர்களையே நேரடியாகக் கேட்பது.

பெட்டியை மேசைமேல் அசையாமல் வையுங்கள். முன் ஷாஃப்டிலும் பின் ஷாஃப்டிலும் ஆளுக்கொரு சாக்பீஸ் கோடு. பழைய கிளட்ச் பிளேட் ஒன்று இருந்தால் முன் ஷாஃப்டில் மாட்டிக்கொள்ளுங்கள்; சுழற்ற நல்ல கைப்பிடி. ஒரு லிவரை நடுநிலையில் விட்டு மற்றதை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால் பெட்டி இறுகிவிடும். பலம் கொடுக்காமல் ஒன்றை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். முன் ஷாஃப்ட் சுற்றும் அளவே பின் ஷாஃப்டும் சுற்றினால் அது நேரடிக் கியர், பெரும்பாலும் நான்காவது. பின் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் சுற்றினால் ரிவர்ஸ். முன் ஷாஃப்டை மிக அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும் முன்னோக்கிய கியர்தான் முதலாவது.

முதல் கியரில் போட்டுப் பின் ஷாஃப்ட் சரியாக 10 சுற்று முடிக்கும் வரை முன் ஷாஃப்டைச் சுற்றி எண்ணுங்கள். ஒரே ஒரு சுற்றை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பிழை பெரிதாகிவிடும். மன்சியில் 25 சுற்றும் கொஞ்சமும் வந்தால் எம்-20, 22 வந்தால் எம்-21 அல்லது எம்-22. டாப்லோடரில் கிட்டத்தட்ட 28 வந்தால் அகல விகிதம் (2.78), 23 வந்தால் நெருக்க விகிதம் (2.32). சாதாரண ஏ-833 பெரும்பாலானவற்றில் 26 அல்லது 27, ஓவர்டிரைவ் வகையில் 31. ஓவர்டிரைவை உறுதிசெய்ய நான்காம் கியரில் போட்டுப் பாருங்கள்: பின் ஷாஃப்ட் 10 சுற்றுவதற்குள் முன் ஷாஃப்ட் ஏழேகால் சுற்றுதான் போயிருக்கும். சாகினாவில் 25லிருந்து 35 வரை பல விகிதங்கள் உண்டு.

குடும்பம் தெரிந்த பிறகே இந்த எண்ணிக்கைக்குப் பொருள் வரும். நெருக்க விகித டி-10இன் முதல் கியரும் 2.20தான். 22 சுற்று வந்தது, ஆகவே மன்சி என்று சொல்ல முடியாது.

மூடியைத் திறந்தால்

எம்-21, எம்-22 இரண்டுக்கும் விகிதம் ஒன்றே என்பதால் சுழற்றிப் பார்த்துப் பிரிக்க முடியாது. இங்கே மூடியைத் திறக்க வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, லிவர்களை நடுநிலையில் வைத்து, பக்க மூடியின் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். மூடியோடு, கியரை மாற்றத் தள்ளும் கவைகளும் வெளியே வரும். எது எங்கே உட்கார்ந்திருந்தது என்று படம் எடுத்து வையுங்கள்.

பற்களின் சாய்வைப் பாருங்கள். சாதாரணப் பெட்டியில் பல் நன்றாகச் சரிந்து போகும். எம்-22இல் சரிவு மிகக் குறைவு. இரண்டையும் ஒருமுறை அருகருகே பார்த்தவர்களுக்கு மறுபடி சந்தேகம் வராது. பார்க்காதவர்கள் நல்ல படங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம்.

பல்லையும் எண்ணிவிடுங்கள். 1966க்குப் பிந்தைய எம்-20இல் இன்புட் கியருக்கு 21 பல், அதோடு சேரும் கீழ்க் கியருக்கு 25. எம்-21, எம்-22 இரண்டிலும் 26, 27. முதல் கியருக்கு எல்லாவற்றிலும் 36, அதன் கீழ்க் கியருக்கு 17. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25ஐ 21ஆல் வகுத்து, 36ஐ 17ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் 2.52. 27ஐ 26ஆல் வகுத்து அதேபோலப் பெருக்கினால் 2.20. நீங்கள் மேசையில் சுழற்றி எண்ணியது இங்கே பல்லில் அப்படியே வந்து நிற்கும். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் மனநிறைவு தருகிறது.

வேறு பெட்டிகள், சுருக்கமாக

1980களின் போர்க்வார்னர் டி-5, ஐந்து கியர். வால்பகுதி போல்ட்டில் 1352 என்று தொடங்கும் தகடு இருக்கும். இதில் பழைய வகையும், ‘வேர்ல்ட் கிளாஸ்’ என்ற மேம்பட்ட வகையும் உண்டு. கூட்டின் முன்முகத்தில், இன்புட் ஷாஃப்டுக்குக் கீழே, பேரிங்கின் எஃகு வளையம் தெரிந்தால் வேர்ல்ட் கிளாஸ்; வெறும் தட்டையான மூடி அடித்திருந்தால் பழையது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் எண்ணுக்கு முன்னால் கூட்டின் இணைப்புக் கோட்டைப் பாருங்கள். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு ஓடி, கூடு இரண்டு பாதியாக இருந்தால் 1960 வரையிலான பழைய அமைப்பு. கோடில்லாமல் ஒரே வார்ப்பாக இருந்தால் 1961 மாடல் முதல் வந்தது. அதில் நான்கு கியருக்குமே சிங்க்ரோ (உரசல் சத்தமில்லாமல் கியர் விழ உதவும் அமைப்பு) உண்டு.

எந்தக் காரின் பெட்டி?

1960களின் பிற்பகுதிப் பெட்டிகள் பலவற்றில் காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியையும் பஞ்ச் அடித்திருப்பார்கள். ஷெவ்ரலேயில் ‘19என்’ என்று தொடங்கி ஆறு இலக்கம் வந்தால்: 1 ஷெவ்ரலே, 9 என்பது 1969, என் என்பது ஓஹியோவின் நார்வுட் ஆலை, மீதி ஆறும் காரின் வரிசை எண். காரின் தகட்டில் உள்ள எண்ணோடு இது ஒத்துப்போனால், பெட்டி அந்தக் காரோடு பிறந்தது. அப்படிப்பட்ட காருக்கு விலை வெகுவாக ஏறும். அதனாலேயே எண்ணை மாற்றி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். எழுத்தைச் சுற்றியுள்ள பரப்பைப் பாருங்கள். அந்த இடம் மட்டும் தேய்த்து வழவழப்பாக இருக்கிறதா, பக்கத்து வார்ப்பின் சொரசொரப்பு திடீரென்று நிற்கிறதா? தேதிகளையும் ஒப்பிடுங்கள். கார் முதலில் ஆலையை விட்டு வந்து, பெட்டி அதற்குப் பிறகு செய்யப்பட்டிருந்தால், அது அந்தக் காரின் முதல் பெட்டியாக இருக்க வழியே இல்லை.

தொலைவிலிருந்து வாங்கும்போது விற்பவரிடம் குறைந்தது இந்தப் படங்களைக் கேளுங்கள்: ஓட்டுநர் பக்கம் முழுவதும், லிவர்களும் மூடி போல்ட்டுகளும் எண்ணும்படி, வார்ப்பு எண், சாக்பீஸ் தேய்த்த குத்து எண், இன்புட் ஷாஃப்ட் அருகிலிருந்து, பின் ஸ்ப்ளைன், கூட்டின் முன்முகம். கூடவே முதல் கியரில் 10 சுற்றுக்கு எத்தனை வந்தது என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எம்-22 என்று சொன்னால் மூடியைத் திறந்து பற்களையும் காட்டச் சொல்லுங்கள். திறக்க மனமில்லை என்றால் தவறில்லை, அது அவர் பெட்டி. நான் அதற்கு எம்-21 விலையைத்தான் சொல்வேன்.